ஒரு சந்து முடியாமல் அடுத்த சந்துக்குப் போகாதீர்கள்

பூனைகளுக்குச் சோறு வைப்பவர்கள் அவற்றுக்குக் கருத்தடையும் செய்துவிட வேண்டும் என்று சென்ற இதழில் நான் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, இந்த மாதக் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் ஆசிரியர் என்னிடமே கொடுத்துவிட்டார். நான் கால்நடை மருத்துவர் அல்ல. பினாங்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜெலுத்தோங்கில் குடியிருக்கிறேன். தெருப்பூனைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, அறுவை செய்வித்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுகிற சிறு குழுவில் ஒருத்தி. பார்த்ததையும் செய்ததையும் வைத்துச் சொல்கிறேன். மருந்து, ஊசி என்று வந்தால் மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

வாசகி, ஆயர் ஈத்தாம்: எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே மூன்று பூனைகளுக்குச் சோறு வைக்க ஆரம்பித்தேன். இப்போது பதினான்கு வந்து நிற்கின்றன. மேல்மாடிக்காரர்கள் திட்டுகிறார்கள். சோற்றை நிறுத்திவிட்டால் அவை போய்விடுமா, அக்கா?

போகாது, தங்கச்சி. பசித்தால் குப்பைப் பையைக் கிழிக்கும், சமையலறைச் சன்னலில் ஏறும், ஆனால் இடத்தை விட்டு நகராது. ஒதுங்க ஒரு மறைவு, பழகிய வழி, கூடப் பிறந்த பூனைகள் எல்லாம் சேர்ந்ததுதான் அதற்கு ஊர். சோறு அதில் ஒரு பங்குதான். நிறுத்தினால் மெலிந்த பூனைகள் பதினான்கு இருக்கும், அவ்வளவே. மெலிந்தாலும் குட்டி போடுவதை அவை நிறுத்தாது.

எண்ணிக்கை எப்படி ஏறியது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். பெட்டைக்குட்டி நான்கு மாதத்திலேயே சினையாகிவிடக் கூடும். சினைக்காலம் ஒன்பது வாரம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் பருவத்துக்கு வரும். இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளியாகும் என்பதால், சேர்க்கை வீணாகப் போவது அரிது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குத் தகப்பன்கள் வெவ்வேறாக இருப்பதும் உண்டு. ஒன்று கறுப்பு, ஒன்று சாம்பல், ஒன்று செம்பட்டை என்று நிறம் மாறிப் பிறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பெட்டைகள் பருவத்துக்கு வருவதில்லை, அங்கே இயற்கையே சில மாத ஓய்வு கொடுத்துவிடுகிறது. பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். ஆகவே தைப்பூசத்துக்கும் குட்டி, தீபாவளிக்கும் குட்டி.

இனி செய்ய வேண்டியது. சோற்றை நிறுத்தாதீர்கள், நேரத்தைக் கட்டுங்கள். தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிட வேண்டும், இடத்தைக் கழுவிவிட வேண்டும். எல்லாப் பூனைகளும் அந்த நேரத்துக்கு வந்து நிற்கப் பழகினால்தான் பிடிக்க முடியும். பிறகு ஒரு நோட்டுப் புத்தகம். நிறம், அடையாளம், ஆணா பெண்ணா, காது நுனி வெட்டியிருக்கிறதா (கருத்தடை முடிந்ததற்கு அடையாளம் அது) என்று ஒவ்வொரு பூனைக்கும் ஒரு வரி. கிட்டே போகாமலே சிலவற்றை எழுதிவிடலாம். கறுப்பும் செம்பட்டையும் கலந்த பூனை, வெள்ளையும் சேர்ந்த மூவண்ணப் பூனை என்றால் அநேகமாகப் பெட்டைதான். செம்பட்டை நிறத்தைக் கொடுக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கறுப்பும் செம்பட்டையும் ஒரே உடலில் சேர இரண்டு எக்ஸ் வேண்டும். கன்னம் உப்பி, முகம் அகன்று, காதில் சண்டைத் தழும்போடு திரிவது கடுவன்.

எனக்கும் என் சக தொண்டர்கள் சிலருக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்று உண்டு. யாராவது தொலைபேசியில் அழுதால் அங்கே ஓடி இரண்டு பூனை, அடுத்த நாள் வேறொருவர் அழைத்தால் வேறொரு தெருவில் இரண்டு பூனை என்று போகிறார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் உங்கள் பதினான்கில் நான்கை மட்டும் முடித்துவிட்டுப் போனால், மிச்சமிருக்கும் பெட்டைகள் அந்தக் கணக்கை ஓராண்டுக்குள் ஒன்றுமில்லாமல் செய்துவிடும். ஒரு சந்து முழுவதையும் முடிக்க வேண்டும். முதலில் பெட்டைகள் அனைத்தும், பிறகு கடுவன்கள், பிறகு புதிதாக வந்து சேரும் ஒன்றிரண்டு. அதன்பின் அடுத்த சந்து. நாங்கள் ஜெலுத்தோங்கில் ஒரு கடைவரிசையை அப்படித்தான் முடித்தோம். அங்கே இப்போது இருப்பவை கிழட்டுப் பூனைகள், காலை வெயிலில் கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் படுத்திருக்கும். குட்டிகள் இல்லை.

மேல்மாடிக்காரர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்களுக்கு எரிச்சல் தருவது நள்ளிரவுக் கத்தலும் கடுவன் மூத்திர நாற்றமும்தான். இரண்டும் அறுவைக்குப் பிறகு பெரிதும் அடங்கும். உங்கள் நோட்டுப் புத்தகத்தை அவர்களிடம் காட்டுங்கள். ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் பெண்ணைத் திட்டுவது கொஞ்சம் கடினம்.

வாசகர், பாயான் லெப்பாஸ்: கூண்டு வாங்கிவிட்டேன் ஆன்ட்டி. வேலை முடிந்து வந்து மீன் வைத்துப் பார்க்கிறேன். பூனை வெளியே நின்று மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. என்ன செய்வது?

தம்பி, கூண்டை வைத்த அன்றே பிடிக்க நினைப்பதை விடுங்கள். முதல் சில நாட்கள் கதவு விழாதபடி கயிற்றால் கட்டிவைத்து, அதற்குள்ளேயே சோறு வையுங்கள். முதல் நாள் வாசலில், அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே. கம்பித் தரையில் கால் வைக்கப் பூனைக்குப் பிடிக்காது; செய்தித்தாளை மடித்து விரியுங்கள், பூனை மிதித்ததும் கதவை விழச் செய்யும் மிதிபலகையும் அதில் மறைந்துவிடும். காற்றில் தாள் படபடத்தால் ஓடிவிடும், ஆகையால் ஓரங்களை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள்.

பிடிக்கப் போகும் நாளுக்கு முந்தின இரவு சோறு இல்லை. தண்ணீர் இருக்கலாம். பசி இருந்தால்தான் உள்ளே வரும் என்பது ஒரு காரணம். வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போய்விடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். இதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் பட்டினி போட்ட பூனைக்கு எதிர்வீட்டு மாக்சிக் (மலாய் அம்மா) சோறும் மீனும் பிசைந்து வைப்பார், மூலைக் காப்பிக் கடைப் பெரியவர் கோழி எலும்பு போடுவார். இருவரிடமும் முன்னாலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்பார்கள், பல நேரம் எந்தப் பூனை எங்கே தூங்கும் என்று அவர்களே காட்டிக்கொடுப்பார்கள். மூன்று இனத்தாரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள இந்தப் பூனைகள் எங்கள் தெருவில் எவ்வளவு உதவியிருக்கின்றன என்பதைத் தனியாகவே ஒரு முறை எழுத வேண்டும்.

இரைக்கு வாடை வேண்டும். டின் மத்தி, பொரித்த கெம்போங் மீன், வறுத்த கோழித் துண்டு எல்லாம் நல்லது. மிளகாய், வெங்காயம், சம்பல் பட்டது வேண்டாம். வாசலில் ஒரு துணுக்கு, நடுவில் ஒன்று, மிச்சத்தை மிதிபலகைக்கு அப்பால் கடைக்கோடியில். கூண்டு நீளமானதாக இருக்க வேண்டும், பூனையின் வாலும் உள்ளே வந்த பிறகே கதவு விழ வேண்டும்.

கதவு விழுந்ததும் பூனை மோதும், சுழலும். பார்க்கவே நெஞ்சு பதறும். உடனே பெரிய துணியால் கூண்டு முழுவதையும் மூடுங்கள். இருட்டானதும் அடங்கிவிடும். விரலை உள்ளே விடக் கூடாது, வேறு கூடைக்கு மாற்றக் கூடாது, இரக்கப்பட்டுக் கதவை ஒரு கணம் திறந்து பார்க்கவும் கூடாது. மருத்துவர் கம்பி வழியாகவே மயக்க ஊசி போட்டுக்கொள்வார். இன்னொன்று, கூண்டை வைத்துவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள். கண்ணில் படும் தூரத்தில் இருங்கள். நம் ஊரில் சாக்கடையிலிருந்து உடும்பு வரும், மரநாய் வரும், கட்டெறும்பு வரும். மீன் வாடைக்கு எல்லாருக்கும் சம பங்கு.

கூண்டு வைப்பதற்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் அறுவைக்கு நாள் வாங்கியிருக்க வேண்டும். பிடித்த பூனையை வைத்துக்கொண்டு இடம் தேடி அலைவதுபோலக் கொடுமை இல்லை. அறுவைக்குப் பிறகு கடுவனை ஓர் இரவும் பெட்டையை இரண்டு இரவும் வைத்திருந்து, நிதானமாக நடக்கிறதா, சாப்பிட்டதா, தையல் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து விடுவது எங்கள் வழக்கம். பெட்டைக்கு வயிற்றைத் திறந்து சூற்பையும் கருப்பையும் எடுக்கிறார்கள், அது பெரிய அறுவை. தெருப்பூனைக்குத் தானே கரையும் நூலால் தைக்கும்படி கேளுங்கள். கூண்டை மேசைமேல் வைத்து, மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள். மயக்கம் தெளியாத பூனையை எறும்பு மொய்த்தால் அது தட்டிவிடக்கூட முடியாமல் கிடக்கும். விடும்போது பிடித்த அதே இடம், கதவு சாலைக்கு எதிர்ப்புறம்.

மாணவி, கெலுகோர்: எங்கள் பள்ளி வாசலில் இருக்கும் பூனையின் வால் ஒடிந்து வளைந்திருக்கிறது. அதன் காதையும் யாரோ வெட்டியிருக்கிறார்கள். யாரிடம் புகார் செய்வது?

கவலைப்படாதே கண்ணு. வாலை யாரும் ஒடிக்கவில்லை. தென்கிழக்காசியப் பூனைகள் பலவற்றுக்குப் பிறவியிலேயே வால் முடிச்சு விழுந்தோ, வளைந்தோ, குட்டையாகவோ இருக்கும். மரபு வழி வருவது, வலி கிடையாது. காயமோ வீக்கமோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காது விஷயம் இன்னும் நல்ல செய்தி. ஒரு காதின் நுனி மட்டும் நேர்கோட்டில் வெட்டியிருந்தால், அந்தப் பூனைக்குக் கருத்தடை முடிந்துவிட்டது என்று அர்த்தம். மயக்கத்தில் இருக்கும்போதே மருத்துவர் செய்துவிடுவார். இந்த அடையாளம் இல்லாவிட்டால் அதே பெட்டையை இன்னொருவர் பிடித்துக்கொண்டு போய், மறுபடியும் மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியவரும். சண்டையில் கிழிந்த காது கோணல்மாணலாக இருக்கும், வித்தியாசம் உனக்கே தெரியும்.

வாசகி, பட்டர்வொர்த்: என் பாட்டி தோட்டத்தில் வளர்ந்தவர். கருவறுப்பது ஏழு பிறவிக்கும் தொடரும் பாவம், பூனைக்குச் செய்தாலும் பாவம்தான் என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பாட்டியை எதிர்த்துப் பேசாதீர்கள். அவர் சொல்வது அன்பிலிருந்து வருகிறது. உயிரைத் தடுக்க நாம் யார் என்று கேட்கிறார், நல்ல கேள்வி.

நான் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன். பெருமழை பெய்த மறுநாள் காலையில் சந்தைக்குப் பின்னால் உள்ள பெரிய சாக்கடை ஓரம் போனால், இரவு தண்ணீர் ஏறியபோது தாய் தூக்கிக் கரை சேர்க்க முடியாத குட்டிகள் கிடக்கும். நாலு குட்டிகளில் இரண்டைத் தூக்கியிருப்பாள், மூன்றாவதற்குத் திரும்பி வருவதற்குள் தண்ணீர் முந்திவிடும். சளிக் காய்ச்சல் பிடித்த குட்டிகளின் கண் சீழால் ஒட்டிக்கொள்ளும், பார்வை போய்விடும். காய்கறி லாரிக்கு அடியில் சூட்டுக்காக ஒதுங்கியவை லாரி நகரும்போது நசுங்கும். சந்தையில் பிறப்பவற்றில் வளர்ந்து நிற்பவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் ஆறு மாதத்துக்குள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கும். ஈன்று ஈன்று எலும்பாகிப்போன பெட்டையை நான் கையில் ஏந்தியிருக்கிறேன். நான்கு வயதுகூட இருக்காது, பல் எல்லாம் விழுந்து கிழவி மாதிரி இருந்தாள்.

பாட்டிக்குத் தோட்டத்து வாழ்க்கை தெரியும். லயத்து வீடுகளில் குட்டிகள் பெருகியபோது கோணிப்பையில் கட்டி எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறோம்.

வைணவத்தில் மார்ஜார நியாயம், அதாவது பூனை நியாயம், என்று சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தாயே கவ்விக்கொண்டு போய்ப் பத்திரமான இடத்தில் சேர்ப்பாள். இறைவனிடம் அப்படிச் சரணடை என்பது வைணவத்தின் ஒரு பிரிவான தென்கலையாரின் கொள்கை. எனக்கு மிகவும் பிடித்த கொள்கை. ஆனால் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு பத்திரமான இடம் ஒன்றுகூட இல்லாமல் சந்தை முழுவதும் அலையும் தாய்ப்பூனையைப் பார்த்த பிறகு, நாம் சும்மா இருப்பது எந்த நியாயத்திலும் சேராது என்று நினைக்கிறேன். இதைப் பாட்டியிடம் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. பூனைக்குச் சோறு வைக்க அவரையும் கூட அழைத்துப் போங்கள்.

வாசகர், ஜார்ஜ்டவுன்: லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். பின்புறம் பூனைகள் அதிகம். வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள். வண்டியில் ஏற்றித் தூரத்தில் ஒரு சந்தையிலோ மலையடிவாரத்திலோ விட்டுவிடலாமா? பிடித்தவற்றைத் திரும்ப அதே இடத்தில் விடுவதில் என்ன பயன்?

ஐயா, உங்கள் கடைக்குப் பின்னால் எலி இருக்கும், மிச்சச் சோறு இருக்கும், ஒதுங்க இடமும் இருக்கும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி 2000ஆம் ஆண்டில் வாடகைகள் ஏறியபோது ஜார்ஜ்டவுனில் எத்தனையோ குடும்பங்கள் கடைவீடுகளைக் காலி செய்துவிட்டுப் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பூட்டிக் கிடந்து கூரை இடிந்த வீடுகள் பூனைகளுக்கு வீடாயின. இந்தப் பூனைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டால் அந்த இடமும் எலியும் சோறும் அப்படியே இருக்கும். பக்கத்துச் சந்திலிருந்து புதிய பூனைகள் வரும், அவை கருத்தடை செய்யப்படாதவையாக இருக்கும். சில மாதங்களில் நீங்கள் மறுபடியும் வண்டியோடு நிற்பீர்கள். அறுவை முடிந்த பூனைகள் அதே இடத்தில் இருந்தால் தங்கள் எல்லையை ஓரளவு அவையே காத்துக்கொள்ளும், குட்டியும் போடாது. திரும்ப விடுவதன் காரணம் இதுதான்.

தூரத்தில் விட்டுவருவதைத் தயவுசெய்து நினைக்கவும் வேண்டாம். தெரியாத இடத்தில் அங்குள்ள பூனைகள் துரத்தும், தண்ணீர் எங்கே என்றுகூடத் தெரியாது, வீடு தேடிச் சாலையைக் கடக்கும். உங்கள் தெருவில் சிலர் விஷம் வைக்கலாம் என்று பேசுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. விலங்கை வதைத்தால் 20,000 வெள்ளிக்குக் குறையாமல் 100,000 வெள்ளிவரை அபராதம், அல்லது மூன்றாண்டுவரை சிறை, அல்லது இரண்டும். கால்நடைச் சேவைத் துறையிடம் புகார் கொடுக்கலாம்.

கடைக்கு நீங்கள் செய்யக்கூடியது: குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி, மேசைக்கடியில் சோறு போடாமல் கடை மூடிய பிறகு பின்சந்தில் ஒரே இடத்தில் போடுவது, கருத்தடைச் செலவில் ஒரு பங்கு. 2013இல் பெரிய பெரிய பூனைகளை நம் சுவர்களில் ஓவியர்கள் வரைந்தார்களே, தெருவிலங்குகள்மேல் மக்கள் கவனம் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான். அவற்றைப் படமெடுக்க வரும் சுற்றுப்பயணிகள் உங்கள் கடையிலும் சாப்பிடுகிறார்கள். காது நுனி வெட்டிய கொழுத்த பூனை ஒன்று வாசலில் படுத்திருந்தால் அவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

வாசகி, புலாவ் திக்குஸ்: பால் கொடுக்கும் தாயைப் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், ஆனால் குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்த பிறகு. கண் திறக்காத குட்டிகளாக இருந்தால் காத்திருங்கள். ஐந்தாறு வாரமாகித் தாங்களே உணவைத் தொட ஆரம்பித்த பிறகு தாயை அனுப்பலாம். அறுவையால் பால் வற்றிவிடாது. காலையில் முதல் ஆளாக அறுவை செய்யும்படி கேட்டு, நன்றாகத் தெளிந்ததும் அன்றிரவோ மறுநாள் காலையோ குட்டிகளிடம் விட்டுவிடுங்கள். குட்டிகள் மனிதரோடு பழகும் பருவம் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் எட்டாம் வாரம் வரைதான். அதற்குள் கையில் எடுத்துப் பழக்கினால் வீடு கிடைக்கும். பொதுவாக ஒரு கிலோ எடை வந்தால் குட்டிகளுக்கும் அறுவை செய்கிறார்கள்.

வாசகர், சுங்கை பட்டாணி: என் மனைவி நான்கு மாதக் கர்ப்பிணி. பூனையால் குழந்தைக்கு ஆபத்து என்று அம்மா பூனையை விரட்டச் சொல்கிறார்.

அம்மா பயப்படுவது டோக்சோபிளாஸ்மா என்ற கிருமிக்கு. கிருமி உண்மை, கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் குழந்தையைப் பாதிக்கும் என்பதும் உண்மை. ஆனால் பூனையைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல அது. பூனைக்கு முதல்முறை தொற்றும்போது பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் மலத்தில் கிருமி வெளியேறும். அந்த மலமும் ஒரு நாளாவது கிடந்த பிறகே தொற்றும் தன்மை பெறும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, வெறுங்கையால் மண் கிளறுவது ஆகியவற்றின் வழியாகவும் தொற்றும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனவே, பூனையின் மணல் தட்டைத் தினமும் நீங்கள் சுத்தம் செய்யுங்கள், மனைவி வேண்டாம். தோட்ட வேலைக்குக் கையுறை. ஆட்டிறைச்சியை நன்றாக வேகவையுங்கள். அடுத்த பரிசோதனையில் தாதியிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லி, இரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். பூனை இருக்கட்டும்.

வாசகி, கோலாலம்பூர்: பிரிக்பீல்ட்ஸில் நான் சோறு வைக்கும் கடுவனுக்கு மூக்கில் புண். மஞ்சள் தடவினேன், ஆறவில்லை. அறுவைக்கு அனுப்பலாமா?

இனி வெறுங்கையால் தொடாதீர்கள், அம்மா. மூக்கிலோ முகத்திலோ பாதத்திலோ ஆறாமல் பெரிதாகிக்கொண்டே போகும் புண் என்றால், ஸ்போரோதிரிக்ஸ் என்ற பூஞ்சையா என்று பார்க்க வேண்டும். மலேசியப் பூனைகளிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. சண்டையில் கீறும்போது பூனைக்குப் பூனை பரவும். கீறினாலோ கடித்தாலோ புண்ணின் நீர் நம் தோல் வெடிப்பில் பட்டாலோ நமக்கும் வரும். கையில் ஒரு கட்டி தோன்றி அதிலிருந்து மேலே வரிசையாகக் கட்டிகள் ஏறும். குணமாகக்கூடிய நோய்தான். ஆனால் பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டும். பூனைக்குப் புண் ஆறிவிட்டதுபோல் தெரிந்தவுடன் நிறுத்துகிறார்கள், திரும்ப வந்துவிடுகிறது. கையுறை அணிந்து, தனிக்கூண்டில் வைத்து, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை அதற்குப் பிறகு. இதை அப்படியே வெளியே விட்டால் சந்து முழுவதற்கும் கொடுத்துவிடும்.

ஏற்கெனவே கீறல் பட்டிருந்தால் உங்கள் மருத்துவரிடம் பூனை கீறியது என்று சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சாதாரணக் கட்டி என்று நினைத்துவிடலாம். கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே மருந்தகம் போக வேண்டும். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும், மேலே சிறு துளைதான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்றிலும் வெறிநாய்க்கடி நோய் திரும்ப வந்ததை நினைவில் வைத்து, தெரியாத விலங்கு எது கடித்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுவதே சரி.

கோலாலம்பூரில் யாரை அணுகுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அம்பாங்கில் சிலாங்கூர் எஸ்பிசிஏ என்ற விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது. உங்கள் பக்கத்து மருந்தகங்களிலும், கூண்டோடு வரும் தெருப்பூனையை எடுப்பீர்களா, காது நுனி வெட்டுவீர்களா, தொண்டர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று கேளுங்கள். பெட்டைக்குக் கடுவனைவிடக் கூடுதல் ஆகும். பணம் குறைவாக இருந்தால் பெட்டைகளுக்கே செலவழியுங்கள்.

வாசகர், நிபோங் திபால்: அறுவை முடிந்த பூனை சோர்ந்து கிடக்கிறது. கால் மாத்திரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?

கூடாது. கால் அல்ல, துளியும் கூடாது. பூனையின் உடலால் அதை முறிக்க முடியாது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, ஈறு நீலம் பாரித்து இறந்துவிடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நாய்க்கு ஊற்றும் உண்ணி மருந்தையும் பூனைமேல் ஊற்றாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

வாசகர், தாசேக் குளுகோர்: எங்கள் கடுவனுக்கு அறுவை முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. இன்னும் ஒரு பெட்டையைத் துரத்துகிறான். அறுவை சரியாக நடக்கவில்லையோ?

நடந்திருக்கும், ஐயா. விதை எடுத்த பிறகும் குழாயில் தங்கிய விந்து சில வாரம் இருக்கும். அதுவரை பெட்டையைச் சினையாக்கவும் முடியும். துரத்திப் பழகிய குணம் அடங்கவும் சில வாரம் ஆகலாம். வயதான கடுவனாக இருந்தால் சுவரில் மூத்திரம் பீய்ச்சும் பழக்கம் கொஞ்சம் மிச்சமிருக்கலாம், நாற்றம் குறைந்துவிடும். ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். அதற்குள் அவன் துரத்துகிற பெட்டையின் காதைக் கவனியுங்கள். இரண்டு நுனியும் முழுசாக இருந்தால் அவளுக்குத்தான் இப்போது மருந்தகத்தில் நாள் வாங்க வேண்டும்.